வாலடியில் வெள்ளை

லாரியில் மண் வந்து இறங்கவேண்டிய அன்று காலையில்தான் பெயிண்டர் அந்த வாத்தைப் பார்த்தார்.

ஊருக்கு வெளியே, ஏரிக்குப் போகும் சாலையோரம், அவருக்கு ஒரு சின்ன மனை இருந்தது. மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்பது முதல் மழையில் தெரிந்துவிட்டது. சாலை மட்டத்திலிருந்து ஆள் உயரப் பள்ளம். ஒரு மழை பெய்தால் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும், கோரை மண்டும், தவளை கத்தும். இருந்தாலும் சொந்த மனை. அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர், தன் மகன் குடும்பத்தோடு வருகிறான், சீக்கிரம் காலி பண்ணிக் கொடுங்கள் என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டார். அதை அவர் வாரத்துக்கு ஒரு தடவை நாகரிகமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பள்ளத்தில் மண்ணடித்து, மேடாக்கி, இரண்டு அறையாவது எழுப்பிக் குடிபோய்விடுவது என்று பெயிண்டரும் அவர் மனைவியும் முடிவு செய்திருந்தார்கள்.

மண்ணை எந்தப் பக்கத்திலிருந்து கொட்டலாம் என்று பார்க்க அவர் கோரைக்குள் காலை வைத்தார். காலுக்குக் கீழிருந்து ஒரு பறவை விசில் அடித்துக்கொண்டு எழும்பிப் போயிற்று. செம்பழுப்பு நிறம், நீண்ட கழுத்து, வாத்துதான். அது இருந்த இடத்தில், மடக்கி அமுக்கிய கோரைக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று முட்டைகள்.

சாலையில் லாரி ஹாரன் அடித்தது. பெயிண்டர் மேலே ஏறிப்போய், இன்றைக்கு வேண்டாம் என்றார். லாரிக்காரர் காரணம் கேட்டார். சொன்னார். முட்டையைத் தன்னிடம் கொடுத்தால் மதியச் சாப்பாட்டோடு பிரச்சினை முடிந்துவிடும் என்று லாரிக்காரர் யோசனை சொன்னார். பெயிண்டர் தலையாட்டி மறுத்துவிட்டார். லாரி திரும்பிப் போனது.

மனைவி முதலில் திட்டினாள். அவள் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கப் போர்வைகளோடு மல்லுக்கட்டி வருகிறவளுக்கு, வீடு ஒரு வாத்தால் தள்ளிப்போகிறது என்பதை ஜீரணிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மறுநாள் தானே போய் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, "பொரிச்சுட்டுப் போகட்டும். கோழிக்கு ஆகற நாள்தானே இதுக்கும் ஆகும்" என்றாள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அன்று சாயங்காலம் மனைவியின் தம்பி டீ குடிக்க வந்தான். அவன் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிப்பவன். எதையும் 'சட்டப்படி பார்த்தா' என்றே ஆரம்பிப்பான் என்பதால் சொந்தக்காரர்கள் அவனைச் சட்டம் என்றே கூப்பிட்டார்கள்.

சட்டம் டீயைக் கீழே வைத்தான். "சட்டப்படி பார்த்தா, மாமா, உங்க மனையில வாத்து இருக்கறது தப்பே இல்ல. அது இருக்கறது உங்களுக்குத் தெரியும்ங்கறதுதான் தப்பு. நாளைக்கு எவனாவது எழுதிப்போட்டா, தெரிஞ்சும் ஏன் சொல்லலன்னு கேப்பான்."

யார் எழுதிப்போடப் போகிறார்கள் என்று பெயிண்டர் கேட்டார். சட்டம் ஜன்னல் பக்கம் பார்த்தான். பெயிண்டரும் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பல வருஷமாக அதே இடத்தில் துணி காயப்போடுகிறவர்தான். அன்றைக்கு ஏனோ அவர் கைலியை உதறிய விதம் சரியாகப்படவில்லை.

மறுநாள் பெயிண்டர் காட்டு நீர்ப்பறவை இன வேறுபாட்டு இயக்ககத்துக்குப் போனார்.

இந்த இயக்ககத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் பெரிய சீழ்க்கைச் சிறகி என்று ஒரு காட்டு வாத்து உண்டு. சிறிய சீழ்க்கைச் சிறகி என்று இன்னொன்றும் உண்டு. இரண்டும் செம்பழுப்பு. இரண்டும் பறக்கும்போது விசிலடிக்கும். இரண்டும் கோரையில் கூடு கட்டும். பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் பெரியது கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஆனால் அவை அப்படி நிற்பதில்லை. நம்பத்தகுந்த வித்தியாசம் ஒன்றுதான்: வால் தொடங்கும் இடத்தில் முதுகுப்பக்கம் பெரியதற்கு வெள்ளைப் பட்டை இருக்கும், சிறியதற்கு அந்த இடமும் செம்பழுப்பு. அது பறந்தால்தான் தெரியும். அந்தப் பட்டையின் மீதுதான் மூன்று மாடிக் கட்டடம் நின்றது.

அந்த ஊர்ப் பக்கத்தில் பெரியது அரிது. அது கூடு கட்டிய இடத்தில் ஒரு கூடை மண் போட்டாலும் ஜெயில். சிறியது எங்கும் கிடக்கும், கேட்பாரில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு, ஒரு மாடிப்படி, ஓர் இணை இயக்குநர். பெரிய வாத்தின் இணை இயக்குநரை அலுவலகத்தில் பெரியவர் என்றார்கள், மற்றவரைச் சின்னவர் என்றார்கள். இருவரும் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே மாதிரி மீசை. அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள். மாமனார் வீட்டில் யாருக்கு முதலில் நாற்காலி போட்டார்கள் என்பதில் ஆரம்பித்த பகை, பல வருஷமாக அரசாங்கக் காகிதத்தில் நடந்துகொண்டிருந்தது. பெரிய வாத்து கண்ணில் பட்டு வெகுகாலமாகிவிட்டதால் பெரியவரின் பிரிவையே மூடிவிடலாமா என்று மேலிடத்தில் யோசனை ஓடியது. அந்த யோசனையைச் சொன்னவர் சின்னவர்.

இது எதுவும் தெரியாத பெயிண்டர், கண்ணில் பட்ட முதல் மாடிப்படியில் ஏறினார். அது சின்னவருடையது.

சின்னவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "யார் சொல்லி வந்தே?" என்றார்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் வந்தேன்."

சின்னவர் பேனாவை மூடினார். எழுந்துபோய்க் கதவையும் மூடினார். அந்தக் கட்டடத்துக்குள் இதுவரை யாரும் தானாக வந்ததில்லை. பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் உண்டு, வழி தெரியாமல் நுழைந்தவர்கள் உண்டு.

"தப்பு பண்ணாதவன் எதுக்குய்யா ஆபீசுக்கு வரணும்?" என்றார்.

வாத்து எழும்பியபோது வாலடியில் என்ன நிறம் என்று சின்னவர் அடுத்துக் கேட்டார். முட்டையைத்தான் பார்த்தேன், வாலைப் பார்க்கவில்லை என்றார் பெயிண்டர். பறக்கிற வாத்தின் வாலைப் பார்ப்பது மனித இயல்பு என்றும், இயல்புக்கு மாறாக நடப்பவர்களிடம் ஏதோ இருக்கும் என்றும் சின்னவர் விளக்கினார். 'வாலைப் பார்ப்பதைத் தவிர்த்திருக்கிறார்' என்று எழுதிக்கொண்டார்.

கீழே வந்தால் வாசலில் அதே மீசையோடு ஒருவர் எதிரே வந்தார். பெயிண்டர், பியூன் சொன்ன பெயரை வைத்து, "சின்னவர் சார், ஒண்ணு கேக்க மறந்துட்டேன்" என்று கும்பிட்டார். அவர் பெரியவர். அந்த ஒரு கும்பிடுக்காகப் பெயிண்டர் மதியம் வரை பெரியவரின் அறையில் நிற்க நேர்ந்தது. என்னிடம் வராமல் அவரிடம் ஏன் முதலில் போனாய் என்பதற்கு, அந்தப் படி பக்கத்தில் இருந்தது என்ற பதிலைப் பெரியவர் ஏற்கவில்லை. படிக்கட்டுகள் இரண்டும் வாசலிலிருந்து ஒரே தூரம் என்று அவர் அளந்து வைத்திருந்தார்.

அந்த வாரமே இருவரும் மனைக்கு வந்தார்கள். தனித்தனி ஜீப், தனித்தனி குடை, தனித்தனி பைனாகுலர். சாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வாத்து கூட்டில் உட்கார்ந்திருந்தது. வால் கோரைக்குள் இருந்தது.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கை தட்டினால் எழும்பும், பார்த்துவிடலாமே என்று பெயிண்டர் மெதுவாகக் கேட்டார். பெரியவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பெரிய சிறகியைக் கூட்டுலேருந்து கலைக்கறது குற்றம். சிறிய சிறகின்னா கலைக்கலாம். எந்தச் சிறகின்னு தெரியணும்னா அது பறக்கணும். பறக்கவைக்கலாமான்னு தெரியணும்னா எந்தச் சிறகின்னு தெரியணும். படிச்சவங்களே இதுல திணறுவாங்க. இதுதான் எங்க துறையோட ஆழம்."

சின்னவர் கூட இதை மறுக்கவில்லை. ஆழத்தில் இருவருக்கும் பங்கு உண்டு. அப்புறம் இருவரும் ஒரே சமயத்தில் பெயிண்டரைப் பார்த்தார்கள். துறையைச் சேராத ஒரு தனிநபர், தன் சொந்த மனையில், தன் சொந்த விருப்பத்தின்பேரில் கை தட்டினால் அதைத் துறை தடுக்க முடியாது என்று சின்னவர் பொதுவாக, வானத்தைப் பார்த்துச் சொன்னார். தட்டியது பெரிய சிறகிக்கு என்று தெரியவந்தால் என்ன ஆகும் என்று பெயிண்டர் கேட்டார். உன்னைப் பிடித்துக்கொண்டு போவோம் என்றார் பெரியவர். பெயிண்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். 'ஒத்துழைக்க மறுத்தார்' என்று இரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

இந்த வாத்துகளில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். வெயில் ஏறிய நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து விசிலடித்தபடி ஒன்று வந்து இறங்கியது. உட்கார்ந்திருந்தது எழும்பிப் போனது. வந்ததைச் சின்னவர் பார்த்தார், போனதைப் பெரியவர் பார்த்தார். பெயிண்டர், தன்னை யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டையும் விட்டுவிட்டார்.

"வெள்ளை," என்றார் பெரியவர். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"செம்பழுப்பு," என்றார் சின்னவர்.

இரண்டு அறிக்கைகளும் இயக்குநரிடம் போயின. இயக்குநர் மெதுவாகப் பேசுகிற அம்மையார். யாரையும் கடிந்துகொண்டதில்லை என்று பெயர். இணை இயக்குநர் பதவியில் இருக்கும் ஒருவர் தவறாகப் பார்ப்பதற்கு விதிகளில் இடமில்லை என்று அவர் குறிப்பு எழுதினார். ஆகவே இருவரும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் கோளாறு பறவையில்தான். பறவைக்கு யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். மனையின் சொந்தக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று அடியில் ஒரு கேள்வி மட்டும் போட்டிருந்தார்.

மறுநாள் வீட்டைச் சோதனை போட்டார்கள். சமையலறைப் பரணில் வெள்ளை பெயிண்ட் டின், கட்டிலுக்கடியில் பிரஷ்கள், பெயிண்டைக் கரைக்கிற தின்னர் ஒரு பாட்டில். ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

"பெயிண்டர் வீட்டுல வெள்ளை பெயிண்ட் இல்லாம பின்ன யார் வீட்டுல இருக்கும்?" என்றாள் மனைவி.

"நாங்களும் அதையேதான் சொல்றோம்மா" என்றார் சின்னவர்.

மனையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, ஒரு காவலாளியையும் போட்டார்கள். பறவைக்கு இடைஞ்சலாக யாரும் சத்தம் போடக்கூடாது என்ற உத்தரவை, அவர் ரேடியோவைச் சற்றே குறைத்து வைத்து நிறைவேற்றினார்.

அதற்குப் பிறகு நிலைமை வேகமாகக் கெட்டது. வாத்துக்குப் பெயிண்ட் அடித்தவர் என்று ஊரில் பரவிவிட்டது. பேசி வைத்திருந்த பள்ளிக்கூட வேலை கைநழுவியது. குழந்தைகள் இருக்கிற இடம், பாருங்கள் என்றார் தலைமையாசிரியர். குழந்தைகளுக்கும் பெயிண்டர் வர்ணம் அடித்துவிடுவார் என்று அவர் பயந்தாரோ என்னவோ. வேறொருவர் மட்டும் தேடி வந்தார். தண்ணீர்த் தொட்டிக்கு எத்தனையோ பெயிண்ட் அடித்தும் உரிந்துவிடுகிறது, தண்ணீரிலேயே கிடக்கிற வாத்தின் மேல் நிற்கிற அந்தப் பெயிண்ட் எந்தக் கம்பெனி என்று கேட்டார். நான் அடிக்கவே இல்லை என்று பெயிண்டர் சத்தியம் செய்தார். "புரியுது, புரியுது, தொழில் ரகசியம்" என்று அவர் கண்ணடித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் நாகரிகத்தை நிறுத்திக்கொண்டார். சாமான்களை ஏற்றிக்கொண்டு சட்டத்தின் ஒற்றை அறைக்குப் போனார்கள். பீரோவை உள்ளே வைத்தபிறகு சட்டம் வாசற்படியில் உட்கார்ந்துதான் டீ குடிக்க முடிந்தது. சட்டப்படி இது அவன் வீடு என்பதை அவன் ஓரிரு முறை நினைவுபடுத்தினான்.

ஒரு மதியம், அவன் வேலைக்குப் போயிருந்தபோது, மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெயிண்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏங்க, நிஜமாச் சொல்லுங்க. அடிச்சீங்களா?"

பெயிண்டர் அவளைப் பார்த்தார். இத்தனை நாளில் யார் யாரோ கேட்ட கேள்விதான். இவள் கேட்பாள் என்று மட்டும் அவர் நினைத்திருக்கவில்லை.

"இல்ல" என்றார்.

"சும்மா கேட்டேன்" என்றாள் அவள். இன்னொரு துணியை மடித்து வைத்துவிட்டு, "மனையப் பார்க்கப் போறேன் போறேன்னு தனியாவே போவீங்களே, அதான்" என்றாள்.

பெயிண்டர் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்களில் வெள்ளை இருந்தது. அது எந்த வேலையில் ஒட்டியது என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்தது.

விசாரணை நாளன்று இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். சகலைகள் ஆளுக்கொரு பக்கம். துணைக்கு வந்த சட்டம் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டான்.

"பயப்படாதீங்க," என்றார் இயக்குநர். "நாங்க யாரையும் சந்தேகப்படறதில்ல. சந்தேகப்படறதுக்கு ஒண்ணுமே இல்லாதவங்களைத்தான் கொஞ்சம் உன்னிப்பாப் பார்ப்போம். உண்மையான குற்றவாளின்னா ஏதாவது ஒரு தடயம் இருக்கும். உங்க விஷயத்துல எதுவுமே இல்ல. அதான் எங்களுக்குக் கவலையா இருக்கு."

பிறகு பரிசோதனையை விளக்கினார். மறுநாள் காலை வலை போட்டுக் கூட்டிலிருக்கும் பறவையைப் பிடிப்பார்கள். வாலடியைத் தின்னர் நனைத்த பஞ்சால் நன்றாகத் தேய்ப்பார்கள். வெள்ளை போய்விட்டால் அது பெயிண்ட், பெயிண்டர் குற்றவாளி.

"போகலன்னா?" என்றார் பெயிண்டர்.

சின்னவர் முன்னால் குனிந்தார். "போகலன்னா நல்ல கம்பெனி பெயிண்ட்."

"தோல்ல பட்டாலே எரியும் சார் அது. இறகுல இருக்கற எண்ணெயெல்லாம் போயிடும். தண்ணியில இறங்கினா ஊறிச் செத்துடும். முட்டை என்ன ஆகும்?"

இது துறையின் கவனத்துக்கு வந்திருக்கிறது என்று இயக்குநர் மிகவும் வருத்தத்தோடு சொன்னார். ஆனால் ஒரு பறவை எந்த இனம் என்று தெரியாமலே அது உயிரோடு இருப்பதில் துறைக்கு எந்தப் பயனும் இல்லை. எந்த இனம் என்று தெரிந்து அது இறந்துவிட்டால், குறைந்தபட்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பெரியவர் தலையசைத்தார். சின்னவரும் தலையசைத்தார்.

பெயிண்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவியை நினைத்தார், சட்டத்தின் அறையை நினைத்தார், கோரைக்குள் கழுத்தை நீட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கும் அதையும் நினைத்தார்.

"தேய்க்க வேணாம். நான்தான் அடிச்சேன்."

ஏன் அடித்தாய் என்று இயக்குநர் கேட்டார். காரணம் எதையும் அவர் யோசித்து வைத்திருக்கவில்லை.

"வெள்ளையா இருந்தா எடுப்பா இருக்கும்னு தோணிச்சு" என்றார்.

அவ்வளவுதான், எல்லாம் பொருந்திவிட்டது. பெரியவர் வெள்ளையைப் பார்த்தது உண்மை, ஏனென்றால் அங்கே வெள்ளை இருந்தது. சின்னவர் செம்பழுப்பைப் பார்த்ததும் உண்மை, ஏனென்றால் அடியில் செம்பழுப்புதான் இருந்தது. இரண்டு வாத்தில் எதற்கு அடித்தாய் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் பொருந்தியது மறுபடி கலைந்திருக்கும். பெரியவர் எழுந்து சின்னவருக்குக் கை கொடுத்தார். "உங்க கண்ணு லேசுப்பட்ட கண்ணு இல்ல, சகலை" என்றார். சின்னவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே தட்டில் டீ வந்தது. பெயிண்டருக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

தீர்ப்பு சில நாட்களில் வந்தது. பறவை சிறிய சீழ்க்கைச் சிறகிதான் என்று முடிவாகிவிட்டதால் மனையின் மீதான தடை நீங்குகிறது. சிறிய சிறகிக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாததால் அதற்குப் பெயிண்ட் அடித்தது குற்றமும் இல்லை. ஆனால் சிறியதாகப் பிறந்த ஒன்றைப் பெரியதாகக் காட்ட முயன்றது சமூக ஒழுங்குக்கு எதிரானது. எனவே பெயிண்டர், தம் சொந்தச் செலவில், ஓர் இணை இயக்குநரின் முன்னிலையில், அந்தப் பறவையை அதன் அசல் நிறத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்ற இயக்ககம், ஐயத்துக்குரிய சிறகிகள் பிரிவு என்று மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கியது. அதற்கொரு மாடிப்படி கட்ட ஆரம்பித்தார்கள். பெரியவரின் பிரிவை மூடும் யோசனை கைவிடப்பட்டது. மூடிவிட்டால் சந்தேகப்படுவதற்கு எதுவும் மிஞ்சாது என்று சின்னவரே எழுதிக் கொடுத்தார்.

தீர்ப்பு வருவதற்கு முன்பே முட்டைகள் பொரிந்துவிட்டிருந்தன. குஞ்சுகள் கிளம்பிய அன்று காலை மனைவி வேலைக்குப் போகிற வழியில் மனைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறாள். கருப்பும் மஞ்சளுமாக, பஞ்சு உருண்டைகள் போலக் குஞ்சுகள் பள்ளத்திலிருந்து சாலைக்கு ஏறிக்கொண்டிருந்தன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாகத் தாய் தகப்பன் வாத்துகள். சாலைக்கு அந்தப் பக்கம்தான் ஏரி. செங்கல் லாரி ஒன்று வேகமாக வந்தது. மனைவி சாப்பாட்டுப் பையோடு நடுரோட்டில் போய்க் கையை நீட்டி நின்றுவிட்டாள். டிரைவர் அவள் குடும்பத்தைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். அவள் நகரவில்லை. காவலாளியும் ரேடியோவை வைத்துவிட்டு வந்து, இன்னொரு பக்கத்தை மறித்துக்கொண்டார். கடைசிக் குஞ்சு இறங்கித் தண்ணீரில் விழுகிற வரை இருபுறமும் வண்டிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. அன்றைக்கு அவளுக்கு அரை நாள் சம்பளம் போயிற்று. அதை அவள் வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பெயிண்டர் பார்த்தார்.

உத்தரவை நிறைவேற்றச் சின்னவர் ஒரு சாயங்காலம் ஏரிக்கரைக்கு வந்தார். பெயிண்டர் ஒரு கையில் செம்பழுப்பு பெயிண்ட் டின்னும் மறு கையில் பிரஷுமாக நின்றார். ஏரி முழுக்க வாத்துகள். கண்ணுக்கு எட்டிய வரை பழுப்புத் தலைகள், நீண்ட கழுத்துகள்.

"எது உன்னோடது?" என்றார் சின்னவர்.

பெயிண்டர் ஒரு திசையில் கையைக் காட்டினார். அந்தத் திசையில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கும். சின்னவர் திருப்தியடைந்தார். டின்னைத் திறந்து, பிரஷை நனைத்து, ஏரியை நோக்கி நீட்டும்படி சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பிரஷிலிருந்து ஒரு சொட்டு அவருடைய ஷூவில் விழுந்தது. அதையும் ஒரு போட்டோ எடுத்தார், ஆதாரம் இருக்கட்டும் என்று.

அப்போது வெயில் சாய்ந்து ஏரியின் மேல் மஞ்சளாக விழுந்திருந்தது. எதற்கோ மிரண்டு வாத்துகள் மொத்தமாக எழும்பின. காது அடைக்கும் விசில். அவர்கள் தலைக்கு மேலேயே வளைந்து திரும்பின. திரும்பியபோது முதுகுகள் தெரிந்தன. செம்பழுப்பு வாலடிகள், அவற்றுக்கு நடுவே அங்கங்கே, புதுச் சுவருக்கு முதல் கோட் அடித்ததுபோல் பளிச்சென்று வெள்ளைப் பட்டைகள். இரண்டு இனமும் ஒன்றாகக் கலந்து, ஒன்றை இன்னொன்று யாரென்று கேட்காமல், பறந்துகொண்டிருந்தன. கரையோரக் கோரையிலிருந்து பிந்தி எழும்பிய ஒரு ஜோடி மிகவும் தாழ்வாகப் போயிற்று. பெயிண்டர் முதல்முறையாக ஒரு வாத்தின் வாலடியை நன்றாக, நிதானமாகப் பார்த்தார்.

சின்னவர் குனிந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பேனாவைத் திறந்தார். "அசல் நிறம் வந்துடுச்சில்ல? என்ன கலர் தெரியுது?"

பெயிண்டர் வானத்தைப் பார்க்கவில்லை. சின்னவரின் முகத்தைத்தான் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன தெரியுதோ, அதுதான் சார்."

சின்னவர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். "இப்பத்தான்யா உனக்குப் பார்க்கத் தெரிஞ்சிருக்கு" என்றார். இயக்ககத்தில் யாரும் யாரிடமும் அவ்வளவு அன்பாகப் பேசிக் கேட்டதில்லை.

அப்புறம் மண் வந்தது, பள்ளம் மேடானது. கடன் உடன் வாங்கி இரண்டு அறை எழுப்பினார்கள். ஜன்னலுக்குக் கதவு போடும் முன்பே குடிவந்துவிட்டார்கள். சட்டம் அதற்கு அவசரப்படுத்தினான். முதல் நாள் சாயங்காலம் பெயிண்டர் உள்சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். மனைவி கீழே சிந்தியதைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள். ஏரிப் பக்கமிருந்து விசில் சத்தம் கேட்டது. அவள் கையை நிறுத்திக் கேட்டாள். முகத்தில் எந்தக் கோபமும் இல்லை, ஆசையாகத்தான் கேட்டாள்.

"ஏங்க, அது கடைசியில பெருசா, சின்னதா? நீங்கதான் அன்னிக்கு ஏரியில பார்த்தீங்களே."

பெயிண்டர் பிரஷைத் தாழ்த்தினார். கதவில்லாத ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி மனைவியை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்குக் கேக்கற?" என்றார்.